மூன்றாம் வீட்டுக்கும் நான்காம் வீட்டுக்கும் இடையில் ஒரு கதவு

ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே எனக்கு இன்னொரு வேலை கிடைத்தது. முப்பத்து மூன்று வருடம் தாதியாக இருந்தவள் நான். கடைசிக் காலத்தில் ஒரு வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். மட்டக்களப்பில் பாதிப் பேருக்கு நான் 'மிஸி'தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. கணவர் கலியாணம் முடித்து ஆறாம் வருடமே இறந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. இனி என்ன செய்யப் போகிறேன் என்று முற்றத்தைக் கூட்டிக் கூட்டி யோசித்துக்கொண்டிருந்த நாளில் ஒரு பொறியியலாளர் என்னைத் தேடி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். இளம் வயதில் லண்டனுக்குப் போனவர். அங்கே வயதானவர்களுக்கு வீடு கட்டுகிற கம்பனி ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறார். இப்போது ஊருக்குத் திரும்பி, அதே வேலையைத் தன் சொந்தக் கம்பனியாக இங்கே தொடங்கப் போவதாகச் சொன்னார்.

"வீடு நான் கட்டுவன். உள்ளுக்கு இருக்கிற ஆக்களைப் பாக்கத்தான் எனக்குத் தெரியாது. நீங்க வரவேணும் மிஸி."

"முதியோர் இல்லமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "இல்ல. வீடு. அவங்கட வீடு. சமையலுக்கும், வருத்தம் காய்ச்சல் எண்டாப் பாக்கவும் பக்கத்தில ஆள் இருக்கும், அவ்வளவுதான்."

வித்தியாசம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

காணி நகரத்திலிருந்து ஓட்டோவில் இருபது நிமிடத் தூரத்தில், வாவிக்கரையில் இருந்தது. பாசிக்குடாக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலத்தில் அந்த ஆசையில் யாரோ அங்கே ஒரு விருந்தினர் விடுதி கட்டத் தொடங்கி, அரைச் சுவரோடு கைவிட்டுப் போயிருந்தார். பொறியியலாளர் அதை இடித்து எட்டுச் சின்ன வீடுகள் கட்டினார். படி இல்லை. நிலைப்படி இல்லை. குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி, தலைமாட்டில் மணி, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு அகலமான வாசல். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு பலகை ஆசனமும் ஒரு மாமரக் கன்றும். மனுசன் தளம் போட்ட பிறகு ஒரு கண்ணாடிக் குண்டை நிலத்தில் வைத்து, உருளுகிறதா என்று பார்த்தார். உருண்ட வீட்டின் தளத்தை உடைத்துத் திரும்பப் போட வைத்தார். அதற்குப் பிறகுதான் இவர் சொல்வதை நான் நம்பத் தொடங்கினேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பெயர்ப்பலகை வந்தது. கம்பனியின் பெயருக்குக் கீழே, யாரும் கேட்காமலே, கொட்டை எழுத்தில் 'முதியோர் இல்லம்' என்று பெயின்டர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பொறியியலாளர் தலையில் கைவைத்தார்.

"ஆர் இதை எழுதச் சொன்னது?"

"சேர், எழுதாட்டி என்ன இடம் எண்டு சனத்துக்கு விளங்காதே" என்றார் பெயின்டர், உதவி செய்த திருப்தியோடு.

அழித்து எழுதினோம். ஆனால் சனத்துக்கு விளங்கியது பெயின்டர் எழுதியதுதான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் குளியலறைக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், மணியை அடித்துப் பார்த்தார்கள், வாவியைப் பார்த்து நல்ல காற்று என்றார்கள். பிறகு ஒரே கதைதான். "இடம் நல்லாத்தான் கிடக்கு மிஸி. ஆனா நாங்க பிள்ளையளால கைவிடப்பட்ட ஆக்கள் இல்லையே." அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒரு அம்மாவின் மூன்று பிள்ளைகளும் கனடாவில். அவர் தனியாக ஒரு மாடி வீட்டில், கீழ்த்தட்டைப் பூட்டிவிட்டு மேலே இருந்தவர்.

ஒன்பது மாதம் ஒருவரும் வரவில்லை. நானும் சமையற்கார அக்காவும் காவற்காரரும் எட்டு வெறும் வீடுகளைக் காத்துக்கொண்டிருந்தோம். அக்கா தினமும் மூன்று பேருக்குச் சமைத்து, முப்பது பேருக்குச் சமைத்தவள் போல அலுத்துக்கொள்வாள். பின்னேரம் ஆனதும் எல்லா வீட்டு விளக்குகளையும் போட்டுவிடுவோம். வாவியில் தோணியில் போகிறவர்கள் அங்கே ஆள் இல்லையென்று நினைக்கக் கூடாதென்று பொறியியலாளர் சொல்லியிருந்தார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எட்டு வீட்டுக்குள்ளும் மணல் நிறைந்துவிடும். எட்டையும் நான்தான் கூட்டினேன். முற்றம் கூட்டுவதிலிருந்து தப்பித்ததாக நினைத்த எனக்கு எட்டு முற்றங்கள் கிடைத்திருந்தன.

முதல் ஆள் ஒரு கணக்கு ரீச்சர். எழுபத்திரண்டு வயது. ஆரையம்பதியில் வீடு. பெரியகல்லாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் படிப்பித்தவர். மகன் மெல்பேணில் இருந்தார். கணவர் இறந்து பல வருடம். யாரும் கூட்டி வராமல் தானே ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். மணியை அடிக்கவில்லை, கம்பியை இழுக்கவில்லை. "இஞ்ச இருக்கிறதுக்கு என்ன சட்டதிட்டம்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் ஒரு கையேடு இருந்தது. லண்டனில் இருந்து கொண்டுவந்த ஒன்றைப் பார்த்துப் பொறியியலாளர் தானே தமிழில் எழுதியது. அதை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தார். கையேடு முழுக்கச் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தது.

"எழுத்துப் பிழை பதினேழு" என்றார். "அது போகட்டும். விருந்தினர் பின்னேரம் நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும்தான் வரலாம் எண்டு கிடக்கு. என்ர வீட்டுக்கு ஆர் எப்ப வாறது எண்டு நீங்க சொல்றதா?"

பொறியியலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பொறுங்க. சுவரில ஆணி அடிக்கக் கூடாது எண்டும் கிடக்கு. சாமிப் படத்தை எங்க மாட்டுறது? கூரையிலயா?"

சிவப்பு மை பட்ட விதிகளில் பாதியை அன்றைக்கே எடுத்துவிட்டோம். ரீச்சர் மூன்றாம் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு சூட்கேசும் பதினொரு பெட்டி புத்தகங்களும் வந்து இறங்கின. அன்று பின்னேரம் ஏழு வீட்டில் நாங்கள் விளக்குப் போட்டோம். மூன்றாம் வீட்டில் அவரே போட்டுக்கொண்டார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு பொறியியலாளர் ரோட்டில் நின்ற நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பிள்ளை பிறந்ததைப் பார்க்கிற தகப்பன் போல நின்றார்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். ஒரு ரீச்சரே போய் இருக்கிறார் என்றால் அது அநாதைகள் இருக்கிற இடமாக இருக்காது என்ற பேச்சு பரவியிருக்க வேண்டும். ஏறாவூரிலிருந்து ஒரு ஹாஜியாரும் மனைவியும் வந்தார்கள். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் எல்லாரும் கட்டாரில். எங்கள் பொதுச் சமையல் தங்களுக்குச் சரிவராது என்று ஹாஜியாரின் மனைவி, எங்கள் எல்லாருக்கும் 'உம்மா', முதல் நாளே சொல்லிவிட்டு, தன் வீட்டிலேயே சமைத்தார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் எல்லாருக்கும் அந்த வீட்டிலிருந்து ஏதாவது வராமல் போனதில்லை. சமையற்கார அக்கா முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வட்டிலாப்பம் சாப்பிட்ட பிறகு செய்முறை கேட்டுக்கொண்டு போனாள்.

பிறகு வந்தவர்தான் பஸ் ட்ரைவர்.

மட்டக்களப்பு–கல்முனை பாதையில் அரசாங்க பஸ் ஓட்டியவர். எழுபத்தைந்து வயது. மனைவி இல்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஊன்றுகோலோடு நடப்பார். சுவிசில் இருந்து லீவுக்கு வந்த மகள் கூட்டிக்கொண்டு வந்து, நான்காம் வீட்டின் கட்டிலில் இருந்து அழுதாள். அவர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "நீ அழாத மகள், எனக்கு இஞ்ச காத்து நல்லாக் கிடக்கு" என்று ஆறுதல் சொன்னார். மகள் போன பிறகு என்னிடம் திரும்பி, "நான்தான் அழோணும், அவள் முந்திட்டாள்" என்றார்.

மறுநாள் காலை ரீச்சர் தன் வாசலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். இவர் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வெளியே வந்தார். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழும்பி நேரே என் அலுவலகத்துக்கு வந்தார்.

"மிஸி, நாலாம் வீட்டில ஆர்?"

சொன்னேன்.

"எனக்குத் தெரியும். இந்த மனுசன் ஆரையம்பதிச் சந்தியில என்னை ரெண்டு தரம் விட்டுட்டுப் போனவர். கையைக் காட்டக் காட்ட நிப்பாட்டல்ல. ஒரு தரம் சோதனை நாள்."

ட்ரைவருக்கு இது கேட்டுவிட்டது. வாசலில் இருந்தே சொன்னார், "ரீச்சர், பஸ் நிறைஞ்சிருக்கும்."

"நிறையல்ல. பின்சீற்று ரெண்டும் காலி. நான் பாத்தனான்."

"அப்ப நான் பாக்கல்ல" என்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்க. இனி ஏத்திக்கொண்டு போறன்."

ரீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தார். ட்ரைவருக்குக் கண்ணில் பூ விழுந்து பத்திரிகை வாசிக்க முடியாது என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு மணித்தியாலம் பத்திரிகை. மரண அறிவித்தல்கள் முதலில், அரசியல் கடைசியில். பின்னேரம் இருவரும் வாவிக்கரை வரை நடப்பார்கள். ட்ரைவர் ஊன்றுகோலோடும் தன் வேகத்தோடும், ரீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டும். கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து அவருக்குப் பார்வை திரும்பி வந்தது. பத்திரிகை வாசிப்பு நிற்கவில்லை. அவர் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "இண்டைக்கு என்ன புதினம் ரீச்சர்?" என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் கண்டும் காணாத மாதிரி இருந்தோம்.

இரண்டாம் வருட மாரியில் ட்ரைவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே நாளில் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டார். நியூமோனியா என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அம்புலன்சில் ஏற்றி அனுப்பினேன். ரீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கூடவே ஏறிவிட்டார். அந்த நேரம் வாவி நிரம்பிக் கடைசி இரண்டு வீட்டின் முற்றத்துக்கு வெள்ளம் வந்திருந்தது. அங்கிருந்தவர்களை இடம் மாற்றுகிற வேலையில் என்னால் உடனே போக முடியவில்லை. ரீச்சர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நிம்மதியோடு இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரீச்சர் வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சேலைக் கரை நனைந்து காய்ந்து மடங்கியிருந்தது.

"ஏன் ரீச்சர் வெளியில இருக்கிறீங்க?"

"உள்ளுக்கு விடல்ல."

பகலில் நோயாளியோடு நிற்பதற்கு வீட்டாள் ஒருவருக்கு அனுமதித் துண்டு கொடுப்பார்கள். துண்டு எழுதிய தாதி, ஒரு சின்னப் பிள்ளை, கேட்டிருக்கிறாள், "நீங்க நோயாளிக்கு என்ன முறை?"

"நான் என்ன சொல்றது மிஸி?" என்றார் ரீச்சர். "பக்கத்து வீடு எண்டன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துண்டு இல்லையாம். பார்வையாளர் நேரத்தில வரட்டாம். நாப்பது வருசம் பிள்ளையளிட்டக் கேள்வி கேட்டவள் நான். அந்தப் புள்ள கேட்ட ஒரு கேள்விக்கு மறுமொழி தெரியாம நிண்டன்."

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அதே கேள்வியை அதே வாசலில் நின்று நான் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். என்ன முறை? மகளா, மருமகளா, சகோதரியா? எதுவும் இல்லையென்றால் வெளியே நில்லுங்கள். கேட்ட எனக்கு ஒரு நாளும் அது கனக்கவில்லை. நான் உள்ளே போய்த் தெரிந்தவர்களிடம் கதைத்து ரீச்சருக்குத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றார். ட்ரைவர் கண்ணைத் திறந்து, மூச்சு மாஸ்க்குக்குள்ளால், "ரீச்சர், பஸ் நிறைஞ்சிட்டா?" என்று கேட்டார். ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

பதினோராம் நாள் ட்ரைவர் திரும்பி வந்தார். அதற்கு அடுத்த கிழமை இருவரும் சேர்ந்து என் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தார்கள்.

"மிஸி, நாங்க விவாகப் பதிவு செய்யப் போறம்" என்றார் ரீச்சர். நல்ல கடிதமொன்றை வாசிப்பது போல, நிதானமாக.

நான் ட்ரைவரைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் அவர். "நான் வேணாம் எண்டுதான் சொன்னன். இந்த வயதில சனம் சிரிக்கும் எண்டன். ரீச்சர் கேட்டா, சிரிக்கிற சனம் ஆஸ்பத்திரியில வந்து நிக்குமா எண்டு."

இதுவரைக்கும் நல்ல கதை. இதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

செய்தி இரண்டு நாளில் மெல்பேணுக்குப் போய்விட்டது. மகன் பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "என்ர அம்மா பாதுகாப்பா இருக்கட்டும் எண்டுதான் உங்களிட்ட இருக்க விட்டனான். நீங்க அங்க கலியாணம் பேசுற கந்தோரா நடத்துறீங்க?" அவர் மற்றக் குடும்பங்களுக்கும் செய்தி போட்டார். ஒரு வீட்டுக்காரர் தாயைக் கூட்டிக்கொண்டு போனார். வருவதாக இருந்த ஒருவர் வரவில்லை என்றார். கம்பனிக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது. பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னார், "மிஸி, நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்க. கலியாணம் எண்டு இல்லாம, இப்பிடியே இருந்தா என்ன எண்டு."

நான் மறுக்கவில்லை. போனேன். ரீச்சர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் சுற்றி வளைத்து, பிள்ளைகளின் மனம், ஊர், கம்பனி என்று கால் மணித்தியாலம் கதைத்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபிறகு அவர் அலுமாரியில் இருந்து கையேட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதில எத்தனையாம் இலக்கம் மிஸி?"

"அப்பிடி ஒரு விதி இல்ல ரீச்சர்."

"அப்ப நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

குடித்தேன். ஆஸ்பத்திரி வாங்கில் அவரைக் கண்டவளே நான்தான். மற்ற எவர் போய்க் கதைத்திருந்தாலும் பரவாயில்லை.

ஹாஜியார் அன்று பின்னேரம் அலுவலகத்துக்கு வந்தார். பெரிதாகச் சத்தம் போட்டுக் கதைக்கிறவர் இல்லை. பொறியியலாளருக்கு முன்னால் இருந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இஞ்ச வரச்சொல்ல நீங்க எங்களுக்கு என்ன சொன்னீங்க? வீடு எண்டுதானே?"

"ஓம் ஹாஜியார்."

"வீட்டில கலியாணம் நடக்கிறது புதினமா?"

ஹாஜியார் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு எழும்பினார். "சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவையெண்டா நான் இருக்கன். மறுகா உங்கட விருப்பம்."

அவர் போன பிறகு பொறியியலாளர் முதல் முறையாகத் தன் தகப்பனைப் பற்றி எனக்குச் சொன்னார். தாய் இறந்த பிறகு தகப்பன் இங்கே தனியாக இருந்திருக்கிறார். ஒரு நாள் குளியலறையில் விழுந்து, மறுநாள் பகல் பால்காரர் வந்து கூப்பிடும்வரை கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று மாதம்தான் இருந்தார். "கம்பி பூட்டினா, மணி வைச்சாச் சரி எண்டு நினைச்சன் மிஸி" என்றார். "அவருக்கு முன்வீட்டில ஒரு அன்ரி இருந்தவ. நல்ல பழக்கம். அவ சாப்பாடு கொண்டுவந்து குடுக்கிறதை நான்தான் நிப்பாட்டினன். ஊர் கதைக்குது எண்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினன்."

அன்று அவர் மெல்பேணுக்குத் தானே தொலைபேசி எடுத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன். சுவிசில் இருந்த மகள் பிரச்சினை தரவில்லை. முதலில் அழுதாள், பிறகு "அப்பா ஒழுங்காச் சாப்பிடுறாரா?" என்று கேட்டாள், பிறகு ரீச்சரோடு தனியாக ஒரு மணித்தியாலம் கதைத்தாள்.

மகன் மெல்பேணில் இருந்து வந்தார். வெள்ளைச் சேட்டும் தூங்காத கண்ணுமாக வந்து வாசலில் நின்றவரை ரீச்சர் கட்டிப்பிடித்து, சாப்பிட வைத்து, பிறகு எங்கள் பொது ஹோலுக்குள் கதிரை அடுக்கச் சொன்னார். பின்னேரம் அங்கே இருக்கிறவர்களின் மாதக் கூட்டமாம். கதிரை எல்லாவற்றையும் மகனே அடுக்கினார். அடுக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்களும் இதுக்குச் சம்மதமா அன்ரி?"

நான் அவருக்கு நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாங்கைப் பற்றிச் சொன்னேன். இரவும் அடுத்த நாள் காலையும் அவருடைய தாய் வெளியே இருந்ததை, நனைந்த சேலையை, தாதி கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

"அந்தக் கிழமையும் நான் கோல் எடுத்தனான்" என்றார். "எல்லாம் சரி எண்டு சொன்னா. ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க தம்பி?"

அவர் வாவிப் பக்கம் திரும்பினார். அந்தக் கரையில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

புளியந்தீவில், விவாகப் பதிவாளரின் அறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை. ரீச்சர் சாம்பல் நிறச் சேலை. ட்ரைவர் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டு, பழைய வேலைக் காலத்துப் பேனை. ஹாஜியாரும் நானும் சாட்சிக் கையெழுத்து வைத்தோம். மகன் உள்ளே வரவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை. வாசலில் நின்றார். முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. அவர் குடையை விரித்துத் தாய்க்கும் ட்ரைவருக்கும் மேலே பிடித்துக்கொண்டு வான் வரைக்கும் நடந்தார். அவருடைய முதுகு முழுக்க நனைந்தது. வானுக்குள் ஏறும்போது ட்ரைவர், "நீங்களும் உள்ளுக்கு வாங்க தம்பி, சீற்று இருக்கு" என்றார். ரீச்சர் அதற்குச் சிரித்துவிட்டார். மகனுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை உம்மாவும் சமையற்கார அக்காவும் சேர்ந்து செய்தார்கள். எருமைத் தயிர் நான்கு சட்டி வந்தது. மகன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இனி ஒரு வீடு போதும்தானே என்று பொறியியலாளர் கேட்டார். ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "பதினொரு பெட்டி புத்தகம் என்னட்டக் கிடக்கு. அவருக்கு நாள் முழுக்க ரேடியோ போடோணும். ரெண்டும் ஒரு வீட்டுக்குள்ள இருக்கேலாது. நடுச் சுவரில ஒரு கதவு வையுங்க." கொங்கிறீற்றுச் சுவரை வெட்டிக் கதவு வைக்க ஐந்து நாள் ஆனது. பொறியியலாளர் கூடவே நின்றார். வெட்டி முடிந்ததும் கண்ணாடிக் குண்டை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு வீட்டுத் தளமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு விரல் வித்தியாசம் இருந்தது. இரண்டு நாள் அதற்கும் வேலை செய்தார்கள்.

அதன் பிறகு கம்பனி கட்டிய எல்லா வீட்டிலும், பக்கத்து வீட்டோடு சேருகிற சுவரில் ஒரு கதவளவுக்குக் கொங்கிறீற்று இல்லாமல் செங்கல் மட்டும் வைத்துக் கட்டுகிறார்கள். வரைபடத்தில் அதற்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. மேசன்மார் 'ரீச்சர் கதவு' என்கிறார்கள். இதுவரைக்கும் மூன்று திறந்திருக்கிறது. ஒன்று இரண்டு சகோதரிகளுக்கு. ஒன்று சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்களாக இருந்த இரண்டு பேருக்கு. இன்னொன்று யாருக்கு என்று சொன்னால் ஊரில் தெரிந்துவிடும்.

எங்களை விட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு போன குடும்பம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது. தாய்தான் பிடிவாதம் பிடித்தாராம். இப்போது வீடுகள் இருபத்திரண்டு. பெரியகல்லாற்றுப் பக்கம் இன்னொரு காணி பார்த்திருக்கிறார்கள். ட்ரைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ரீச்சர் பத்திரிகையை இன்னும் சத்தமாக வாசிக்கிறார். கலியாணம் முடித்து ஆறு வருடம் ஆகியும் அவர் மனைவியை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். மெல்பேண் மகன் வருடத்துக்கு ஒரு தரம் பிள்ளைகளோடு வருகிறார். போன தரம் ட்ரைவர் அந்தப் பிள்ளைகளை வானின் முன்சீற்றில் இருத்தி, கியர் எப்படி மாற்றுவதென்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் நின்று பார்த்தார், படம் எடுத்தார்.

எனக்கு அறுபத்தெட்டு முடிந்ததும் பொறியியலாளர் கேட்டார், "மிஸிக்கு எந்த வீடு வேணும்?" இரண்டு வருடம் கேள்வியைத் தள்ளிப் போட்டேன். இந்த மாசி மாதம் சமையலறைக்குப் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டேன். பாத்திரச் சத்தம் கேட்கிற வீடு எனக்கு நல்லது.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கே எழும்பிக் குளித்து, உடுத்து, பழக்கத்தில் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். புதிதாக வந்திருக்கிற மனேஜர் பிள்ளை எழும்பி நின்று, "மிஸி, நீங்க இனி இஞ்ச வரத் தேவையில்ல" என்றாள் பயந்துகொண்டு. சரி என்று திரும்பி வந்து, தேத்தண்ணி ஊற்றி, வாசல் ஆசனத்தில் இருந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தோணிக்காரர்கள் வலை இழுத்து முடித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

உம்மா தன் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மிஸி, தனியா இருந்து வெறும் தேத்தண்ணி குடிக்கிறீங்க? பொறுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு கோப்பையில் சூடான பால்ப்புட்டும் இன்னொரு கதிரையுமாக வந்தார்.